சொகுசுக் கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் டயரைப் பாருங்கள்

“கம்ஃபர்ட் மோடுலதான் சார் ஓட்டுறேன். அப்பவும் தூக்கித் தூக்கிப் போடுது.” பெங்களூரில் சொகுசுக் கார்களுக்கு சஸ்பென்ஷன் வேலை பார்க்கும் என்னிடம் அடிக்கடி வரும் புகார் இது. வண்டியைத் தூக்கிப் பார்த்தால் புஷ், லிங்க் ராடு, ஷாக் அப்சார்பர் எல்லாம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். காரணம் வேறு: இறுக்கமான சஸ்பென்ஷனும் பெரிய வீலுமாக வரும் ஸ்போர்ட் பேக்கேஜ் காரை, வழவழப்பான சாலையில், முன்சீட்டில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்து வாங்கியிருப்பார்கள்.

அந்த மோடு பட்டனை அழுத்தினால் ஆக்சிலரேட்டர், கியர், ஸ்டீயரிங் ஆகியவற்றின் குணம் மாறும். சஸ்பென்ஷனும் இளக வேண்டுமானால் காரில் அடாப்டிவ் டாம்பர், அதாவது இறுக்கத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர், இருக்க வேண்டும். ஒரே மாடலில் ஒரு வேரியன்ட்டில் அது இருக்கும், இன்னொன்றில் இருக்காது. இல்லாத காரில் எந்த மோடில் போட்டாலும் ஒரே இறுக்கம்தான். ஷோரூமில் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். “மோடு இருக்கு சார்” என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள்.

அதைவிட முக்கியம் டயர். 225/55 ஆர்17 என்றால் 17 இன்ச் வீலுக்கான டயர், அகலம் 225 மி.மீ.; பக்கவாட்டு ரப்பரின் உயரம் அதில் 55 சதவீதம், ஏறக்குறைய 124 மி.மீ. 245/40 ஆர்19 என்றால் அந்த உயரம் 98 மி.மீ.தான். இரண்டுக்கும் வெளிச்சுற்று ஒன்றே. ஆனால் பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்ளும் ரப்பரில் 26 மி.மீ. போய்விட்டது. அதுவே பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய ரன்ஃப்ளாட் டயர் என்றால் பக்கவாட்டு ரப்பர் இன்னும் விறைப்பு. போன மழைக்காலத்தில் வந்த ஒரு காரில் முன்பக்க டயரின் ஓரத்தில் எலுமிச்சம்பழ அளவு வீக்கம். உள்ளே இழை அறுந்துவிட்டது, ஒட்டுப் போட முடியாது. சக்கரத்தைக் கழற்றிய பிறகுதான் அலாய் வீலின் உள்விளிம்பு நசுங்கியிருப்பதும் தெரிந்தது. 19 இன்ச் அழகுதான், மறுக்கவில்லை. பெங்களூரின் எஜிபுரா, சில்க் போர்டு பள்ளங்கள் வழியாகத் தினமும் போகிறவருக்கு 17 இன்ச்தான் என் பரிந்துரை.

அப்புறம், யார் எங்கே உட்காரப் போகிறார்கள்? இங்கே பலர் டிரைவர் வைத்துக்கொண்டு பின்சீட்டில் லேப்டாப்போடு போகிறவர்கள். நிறுவனங்களுக்கும் இது தெரியும். பிஎம்டபிள்யூ 2021-இல் 3 சீரிஸின் வீல்பேஸை (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளத்தை) 110 மி.மீ. நீட்டி இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 2024-இல் இங்கு வந்த மெர்சிடிஸ் இ-கிளாஸின் வீல்பேஸ் 3094 மி.மீ., பிஎம்டபிள்யூ 5 சீரிஸினுடையது 3105 மி.மீ. கால் நீட்ட இடம், நிதானமான ஆட்டம் எல்லாம் கிடைக்கும். ஆனால் வீல்பேஸ் நீள நீள வேகத்தடையில் அடிவயிறு உரசும் வாய்ப்பும் கூடும். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி வேகத்தடை, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டது. நம் குறுக்குத் தெருக்களில் இருப்பவை குறுகலாக, செங்குத்தாக நிற்கின்றன. அதனால் வீட்டில் உள்ள பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு உங்கள் தெருவுக்கே ஓட்டிப் பாருங்கள். நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள்.

இதை வைத்து ஸ்போர்ட் கார் வேண்டாம் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். மாதாமாதம் ஓசூர் தாண்டி சேலம், கோவை என்று தானே ஓட்டிப் போகிறவருக்கு இறுக்கமான சஸ்பென்ஷன் பெரிய வரம். தொப்பூர் கணவாய் வளைவுகளில் மெத்தென்ற கார் சாய்ந்து ஆடும். பின்னால் குழந்தைகளுக்கு வாந்தி வரும். இறுக்கமான கார் சாலையைப் பிடித்துக்கொண்டு போகும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? சரி, காசு செலவழிக்கும் முன் காற்றைச் சோதியுங்கள். பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் காற்றழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ என்று இருக்கும். பங்க்கில் பழக்கத்தில் அதைவிடக் கூடுதலாக அடித்துவிடுகிறார்கள். டயர் சூடாகாத காலை நேரத்தில் அளந்து சரிசெய்தாலே பாதிக் குலுக்கல் குறைந்த கார்களைப் பார்த்திருக்கிறேன். அது போதவில்லை என்றால் அந்த மாடலுக்கு நிறுவனமே அங்கீகரித்த சிறிய வீல் அளவுக்கு மாறலாம். ரன்ஃப்ளாட்டை எடுத்துவிட்டுச் சாதாரண டயர் போடுவதானால் முதலில் டிக்கியைத் திறந்து பாருங்கள். ரன்ஃப்ளாட் பஞ்சரானாலும் பொதுவாக 80 கி.மீ. வேகத்துக்குள் 80 கி.மீ. தூரம் வரை போகும் என்பதால் இந்தக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது. ஸ்டெப்னியோ, பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் பம்பும் சேர்த்தோ வாங்கி வைத்துவிட்டு டயரை மாற்றுங்கள்.