சொல் விளக்கம்: சூழலறிவு

‘சிச்சுவேஷனல் அவேர்னஸ்’ என்ற தொடர் இப்போது பணித்திறன் மதிப்பீடுகளில் அடிக்கடி தலைகாட்டுகிறது. “இவரிடம் இது போதவில்லை” என்று மேலாளர் எழுதிவிடுவார். எது போதவில்லை என்று கேட்டால், “கொஞ்சம் கவனமா இருங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் இந்தத் தொடர் வெறும் கவனத்தைக் குறிப்பதல்ல.

இது அலுவலகங்களுக்கு வந்தது போர் விமானிகளின் பேச்சிலிருந்து. அமெரிக்க ஆய்வாளர் மைக்கா எண்ட்ஸ்லி 1988-ல் இதற்கு ஒரு வரையறை தந்து, 1995-ல் அதை விரித்தெழுதினார். சுற்றி நடப்பதைக் காண்பது, அதன் பொருளைப் புரிந்துகொள்வது, அடுத்து என்ன ஆகும் என்று கணிப்பது என மூன்று படிகள். மூன்றாவதை விட்டுவிட்டால் இது சாதாரண கூர்நோக்கு, அவ்வளவுதான்.

கவனம் மட்டும் ஏன் போதாது என்பதற்கு விமானத் துறையிலேயே ஒரு கசப்பான சான்று உண்டு. 1972 டிசம்பர் 29 இரவு, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 மயாமியில் தரையிறங்க வந்தது. முன்சக்கரம் இறங்கிவிட்டதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. விமானிகள் அந்த விளக்கைச் சரிசெய்வதிலேயே மூழ்கியிருக்க, விமானம் மெல்லமெல்லத் தாழ்ந்து சதுப்பு நிலத்தில் மோதியது. நூறு பேர் அளவில் இறந்தார்கள். சக்கரத்தில் கோளாறே இல்லை, பல்புதான் போயிருந்தது. அவர்கள் கவனமாகத்தான் இருந்தார்கள், ஒரே ஒரு பல்பின் மீது.

வேலையில் இது எப்படி இருக்கும்? அன்றைக்கே பதில் போடும் வாடிக்கையாளர் இப்போது நான்கு நாள் எடுத்துக்கொள்கிறார், மின்னஞ்சல் நகலில் புதிதாக ஒரு பெயர் இருக்கிறது. இதைப் பார்ப்பது முதல் படி. செலவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் கைமாறியிருக்கலாம் என்று ஊகிப்பது இரண்டாவது. ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது விலையைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும் என்று கணித்து, கணக்கைத் தயாராக வைத்திருப்பது மூன்றாவது. பொறுப்பான பதவிக்கு ஆள் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாம் படியைத்தான் தேடுகிறார்கள், அதைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை என்றாலும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘சூழ்நிலை விழிப்புணர்வு’ என்பது சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் விழிப்புணர்வு என்றதும் பேரணியும் பதாகையும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘இடம் பொருள் ஏவல் அறிதல்’ இதற்கு நெருங்கி வந்தாலும், அதன் அழுத்தம் எங்கே எதைப் பேசலாம் என்ற நயத்தில் இருக்கிறது. குறளின் ‘குறிப்பறிதல்’, சொல்லாததை முகத்தில் படிக்கும் திறன். முதலிரண்டு படிகளோடு நின்றுவிடுகிறது.

என் தேர்வு ‘சூழலறிவு’. ‘சூழ்’ என்ற வினைக்குச் சுற்றியிருத்தல் என்பதோடு, ஆராய்தல், திட்டமிடுதல் என்ற பொருளும் உண்டு. “மற்றொன்று சூழினும் தான்முந் துறும்” என்ற குறளில் வருவது இந்த இரண்டாவது பொருள்தான். சூழ்ச்சி என்ற சொல்லும் வஞ்சகமாகச் சுருங்குவதற்கு முன் நல்ல ஆலோசனையைக் குறித்தது. ஆகவே சூழலறிவில் சுற்றுப்புறமும் இருக்கிறது, முன்யோசனையும் இருக்கிறது. பேச்சில் இது கனமாகப் பட்டால் ‘நிலவரம் அறிதல்’ என்று சொல்லலாம், தவறில்லை.

வளர்த்துக்கொள்ள விரும்புகிறவர்கள், ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்பும் யார் எதை எதிர்ப்பார்கள், எது தள்ளிப்போகும் என்று இரண்டு வரி எழுதி வைத்து, அப்புறம் நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணிப்பு தப்பும் இடங்களில், எதைப் பார்க்காமல் விட்டோம், எதைப் பார்த்தும் தவறாகப் புரிந்துகொண்டோம் என்று பிரித்துப் பார்க்க முடியும். இரண்டுக்கும் மருந்து வேறு: முன்னதற்கு இன்னும் நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும், பின்னதற்கு அந்தத் துறையை இன்னும் ஆழமாகக் கற்க வேண்டும்.