பழைய சஞ்சிகையை ஸ்கான் செய்யும்முன்

திருகோணமலை வீடுகளிலிருந்து பழைய சஞ்சிகைக் கட்டுகள் ஸ்கான் செய்ய வந்தால் நான் முதலில் பார்ப்பது நடுப்பக்கக் கம்பியைத்தான். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊர் இது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து, சுற்றியுள்ள தாளையும் அரித்துவிடுகிறது. அவசரத்தில் இழுத்தால் நடுத்தாள் கையோடு வந்துவிடும். இதழை நடுப்பக்கத்தில் விரித்து, மெல்லிய பிளாஸ்டிக் துண்டைக் கம்பிக்கு அடியில் செருகி, வளைந்த காலை ஒவ்வொன்றாக நிமிர்த்திய பிறகே எடுக்கவேண்டும். கிழிசலில் செலோடேப் ஒட்டாதீர்கள். சில வருடங்களில் அந்தப் பசை பழுப்பாகி எழுத்தையே மறைத்துவிடும். லேமினேற் செய்தால் பிறகு பிரிக்கவே முடியாது.

அறுபது, எழுபதுகளில் வந்த பல சஞ்சிகைகள் மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சானவை. தாளில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருளும் அமிலமுமே அதை மஞ்சளாக்கி நொறுக்குகின்றன. பூட்டிவைத்தாலும் இது நிற்காது.

என் மனதை மிகவும் வருத்துவது வேறு. சிறுகதையையும் கவிதையையும் மட்டும் ஸ்கான் செய்துவிட்டு, விளம்பரங்களையும் வாசகர் கடிதங்களையும் விட்டுவிடுகிறார்கள். எங்கள் ஊரில் அன்று எந்தக் கடை இருந்தது, எந்த நாடகம் மேடையேறியது என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில்தானே இருக்கிறது? அட்டை முதல் பின்னட்டை வரை, வெற்றுப் பக்கம் உட்பட, எல்லாவற்றையும் எடுங்கள்.

ஸ்கான் செய்ய அங்குலத்துக்கு 300 புள்ளி (dpi) போதும், பொடி எழுத்துக்கு 400. மூலப்பிரதி டிஃப் (TIFF) படக் கோப்பாகவும் வாசிப்புப் பிரதி பிடிஎஃப் ஆகவும் இருக்கட்டும். பழைய அச்சில் லை, னை போன்ற எழுத்துகள் யானைத் தும்பிக்கை போன்ற பழைய வடிவில் வருவதால், படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள் அடிக்கடி தடுமாறும். ஆகவே பொருளடக்கத்தையாவது கையால் தட்டச்சு செய்துவிடுங்கள்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 2004இல் எங்கள் கரையைச் சுனாமி அடித்தது. இத்தனைக்கும் பிறகு பிரதி ஒரே இடத்தில் இருக்கலாமா? இன்னொரு ஊரிலும் ஒரு ஹார்ட் டிஸ்க் வேண்டும். ஈழத்துத் தமிழ் வெளியீடுகளை 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தோடும் பேசலாம். ஆனால் இணையத்தில் ஏற்றுமுன் ஆசிரியரிடமோ வாரிசுகளிடமோ அனுமதி கேளுங்கள். இலங்கைச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை பொதுவாகப் பதிப்புரிமை உண்டு.

ஸ்கான் முடிந்ததென்று தாளைப் பழைய பேப்பர்காரரிடம் போடவேண்டாம். துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, தரையிலும் சுவரிலும் படாமல் வையுங்கள். மாரி தொடங்குமுன் கட்டை அவிழ்த்து, எந்த ஆண்டு, எத்தனையாவது இதழ் என்று ஒரு கொப்பியில் எழுதிவைத்தாலே எங்களுக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.