ஸ்கீமா என்றால் என்ன? தமிழில் 'உருவரை'

எக்ஸ்எம்எல் என்பது, தகவலின் ஒவ்வொரு பகுதியையும் டேக் என்ற பெயர்க்குறிகளுக்கு நடுவில் வைத்து எழுதும் முறை. அந்தக் கோப்புகளோடு வேலை செய்கிறவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல் ஸ்கீமா. ஒரு வகை ஆவணத்தில் என்னென்ன டேக் வரலாம், எது எதற்குள் வரலாம், எது கட்டாயம், எது எத்தனை தடவை வரலாம் என்று எழுதி வைத்த விதிகள்தான் அது.

கிரேக்கத்தில் 'ஸ்கேமா' என்றால் உருவம், வடிவம். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஸ்கீம் என்ற சொல்லுக்கும் மூலம் இதுதான், அதனாலோ என்னவோ தமிழில் சிலர் 'திட்டம்', 'திட்டவரை' என்று எழுதுகிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. சத்துணவுத் திட்டம், ஐந்தாண்டுத் திட்டம் என்று நாம் சொல்வதெல்லாம் செய்ய வேண்டிய காரியங்களைப் பற்றியது. ஸ்கீமா அப்படி எதையும் செய்யச் சொல்வதில்லை, ஆவணம் எந்த உருவில் இருக்கலாம் என்று எல்லை போடுகிறது, அவ்வளவுதான். அதனால் உருவரை. கிரேக்கப் பொருள் 'உரு'வில் அப்படியே இருக்கிறது, 'வரை'யில் வரைதலும் எல்லையும் சேர்ந்தே வருகின்றன.

எடிட்டரில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் சொல்லின் பொருள் இன்னும் தெளிவாகும். இமேக்ஸ் என்ற எடிட்டரில் எக்ஸ்எம்எல் எழுதுவதற்கென்றே என்எக்ஸ்எம்எல் என்று ஒரு மோட் உண்டு. நூல் என்ற டேக்குக்குள் ஒரு தலைப்பும் குறைந்தது ஓர் ஆசிரியரும் வர வேண்டும் என்று உருவரையில் எழுதியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (எக்ஸ்எம்எல்லில் டேக் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், தடையில்லை). ஆசிரியரை விட்டுவிட்டு நூலை மூடினால் மூடும் டேக்கின் கீழே சிவப்புக் கோடு விழும். திறந்த டேக்கெல்லாம் ஒழுங்காக மூடியிருந்தாலும் விழும், ஏனென்றால் இலக்கணம் சரியாக இருப்பது வேறு, உருவரைக்குப் பொருந்துவது வேறு. அடுத்து என்ன டேக் வரலாம் என்று எடிட்டர் எடுத்துக் கொடுப்பதும் இதே உருவரையைப் பார்த்துத்தான்.

அப்புறம், உருவரை எழுதுவதற்குப் பல மொழிகள் உண்டு, ஸ்கீமா என்றாலே அவற்றில் ஒன்றான எக்ஸ்எஸ்டி என்று நினைப்பது தவறு. 1998இல் எக்ஸ்எம்எல் வந்தபோதே கூட வந்த டிடிடியும் உருவரைதான். எக்ஸ்எஸ்டி 2001இல் வந்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் கிளார்க்கும் முராத்தா மகோத்தோவும் உருவாக்கிய ரிலாக்ஸ் என்ஜியும் இந்த வகைதான். என்எக்ஸ்எம்எல்லை எழுதியவரும் கிளார்க்தான் என்பதால் அது கேட்பது ரிலாக்ஸ் என்ஜியின் சுருக்க வடிவத்தை. கையில் பழைய டிடிடி மட்டும் இருந்தால், அவரே எழுதிய டிராங் கருவி அதை அந்த வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்துவிடும்.