மதிப்பீட்டாளர் என்று ஓர் ஆள் இல்லை

டெல்லி பழைய ராஜிந்தர் நகரில் குடிமைப்பணித் தேர்வுக்குத் தமிழில் படிப்பவர்களிடையே புள்ளியியல் குறிப்பு ஒன்று கைமாறி வருகிறது. விருப்பப்பாடத் தேர்வையும் தமிழில் எழுதலாம் என்பதால் இத்தகைய குறிப்புகளுக்குக் கிராக்கி உண்டு. அதில் பக்கத்துக்குப் பக்கம் ‘மாதிரிச் சராசரி ஒரு பாரபட்சமற்ற மதிப்பீட்டாளர்’ என்றே வருகிறது. ‘மதிப்பீட்டாளர்’ என்ற இதே சொல்லை வகுப்புகளிலும் கேட்டுச் சலித்துவிட்டது.

இதன் ஆங்கில மூலச்சொல் எஸ்டிமேட்டர். விலைமதிப்பதைக் குறிக்கும் லத்தீன் வினை அதன் வேர். மொத்தத்திலிருந்து எடுத்த சிலவான மாதிரியைக் கொண்டு, அந்த மொத்தமான முழுமைத் தொகுதியின் தெரியாத அளவை அறியும் வேலைக்குக் கோட்பாட்டு அடித்தளம் போட்டது புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷரின் 1922 கட்டுரை. தமிழில் மதிப்பிடு என்ற வினையில் ‘இடு’ நீண்டு ஈடாகி மதிப்பீடு வந்தது. சுடு சூடானதும் இப்படித்தான்.

மதிப்பிடுதல் என்பது வேலை. மதிப்பீடு என்பது கடைசியில் கையில் நிற்கும் எண். எஸ்டிமேட்டர் இவை இரண்டும் அல்ல, மாதிரியை வாங்கிக்கொண்டு எண்ணைத் தரும் விதி. இரண்டாம் உலகப் போரில் கைப்பற்றிய ஜெர்மானிய டாங்கிகளின் வரிசை எண்களை வைத்து மாத உற்பத்தியை நேச நாட்டினர் மதிப்பிட்டார்கள். 1942 ஆகஸ்டுக்கு உளவுத்துறை சொன்னது 1550, புள்ளியியல் சொன்னது 327, போருக்குப் பின் ஜெர்மன் ஆவணத்தில் இருந்தது 342.

1 முதல் தொடர்ந்து எண்ணிட்ட டாங்கிகளில் 20, 40, 42, 60 என்ற நான்கு கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் எத்தனை டாங்கிகள் என்பது கேள்வி. சராசரியை இரட்டித்து ஒன்றைக் கழிப்பது ஒரு விதி, விடை 80. பெரிய எண்ணோடு அதில் நான்கில் ஒரு பங்கைக் கூட்டி ஒன்றைக் கழிப்பது இன்னொரு விதி, விடை 74. மாதிரி ஒன்றேதான், கணக்குப் போட்டவரும் ஒருவரேதான். விதி மாறியதால் விடை மாறியது. இதில் ‘ஆளர்’ எங்கே வந்தார்?

தமிழில் ‘ஆளர்’ என்று முடிந்தால் உயர்திணை. வீட்டுக் கடனுக்காக வீட்டைப் பார்த்து விலை சொல்ல வருபவர் மதிப்பீட்டாளர், அந்தச் சொல் அவருக்கே இருக்கட்டும். தப்பு இந்தச் சொல்லோடு நிற்பதில்லை, அடைமொழிகளையும் இழுத்துக்கொண்டு வருகிறது: திறமையான மதிப்பீட்டாளர், போதுமான மதிப்பீட்டாளர், நிலையான மதிப்பீட்டாளர். கல்யாணத் தரகர் மாப்பிள்ளையைச் சொல்வதுபோல இருக்கிறது. ‘பாரபட்சமற்ற’ இன்னும் மோசம். விதிக்கு யார் மேல் பட்சம்? எல்லா மாதிரிகளுக்கும் போட்டுச் சராசரி எடுத்தால் உண்மை அளவில் வந்து நிற்கும் என்பதுதான் பொருள். ஒரு தனி மாதிரியில் அது எவ்வளவும் தவறலாம். மேலே சொன்ன இரண்டு விதிகளுமே அப்படிப்பட்டவைதான். பிறழ்ச்சியற்ற என்றால் போதாதா?

கால்குலேட்டரைக் கணிப்பான் என்பதன் வழியில் ‘மதிப்பீட்டான்’ என்பாரும் உண்டு. இலக்கணம் இடம் கொடுக்கும், ஆனால் காதில் அதுவும் ஓர் ஆளாகவே விழுகிறது. வாய்பாடு என்றால் பிள்ளைகளுக்குப் பெருக்கல் ஞாபகம் வரும். அதுபோக, எல்லா எஸ்டிமேட்டரையும் ஒரே வரிச் சூத்திரமாக எழுதிவிடவும் முடியாது. ‘மதிப்பீட்டு விதி’ என்பதே என் தேர்வு. விதி என்றால் தலையெழுத்தும்தானே என்பார்கள். போக்குவரத்து விதியைப் படித்து யாரும் ஜாதகத்தைத் தேடுவதில்லை.

ஆங்கில அகராதியில் ‘அர்’ விகுதியைப் பார்த்ததும் மனிதரை உட்கார்த்திவிடும் மொழிபெயர்ப்பாளர்கள், நல்லவேளை, கால்குலேட்டரை இன்னும் கணக்காளர் ஆக்கவில்லை.