சிக்னல் இல்லாத மலையில் கொழுந்துக் கணக்கு

தேயிலைத் தோட்டத்தில் பகல் கொழுந்து நிறுக்கும் நேரம். வெளியே மழை. வரிசையில் முன்னால் நிற்கும் அக்கா சாக்கைத் தராசின் கொக்கியில் மாட்டிவிட்டு, "எத்தன கிலோங்க ஐயா?" என்கிறார். கணக்கப்பிள்ளை கையிலிருக்கும் போனைப் பார்த்து, "பதினெட்டு நானூறு" என்கிறார். அந்தப் பள்ளத்தில் சிக்னல் துளியும் கிடையாது. அந்த எண் அங்கிருந்து எப்படிச் சிந்தாமல் சம்பளப் பட்டியல்வரை போகிறது?

குறித்த கிலோ எடுத்தால் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) என்று கணக்குப் போடும் தோட்டங்களில், ஒரு கிலோ காணாமல் போவது அரைநாள் சம்பளத்தையே கொண்டுபோய்விடலாம். இப்படிப்பட்ட மென்பொருள் எழுதும் எனக்கு எந்நேரமும் இருக்கும் பயம் அதுதான்.

முதலில் தராசு. கொக்கிக்கு மேலே ஓர் உலோகத் துண்டு இருக்கிறது. சாக்குத் தொங்கியதும் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய உலோக இழைகளும் கூடவே இழுபடுகின்றன. இழுபட்ட இழை நீண்டு மெலிவதால் அதன் மின்தடை கூடும். அமுங்கிய இழையில் குறையும். அப்படி நான்கு இழைகளை 'வீட்ஸ்டன் பாலம்' என்ற சதுர அமைப்பில் இணைத்திருப்பார்கள். காலைப் பனியிலும் நண்பகல் வெயிலிலும் நான்கும் ஒன்றாகவே குளிர்ந்து சூடாவதால், வெப்பத்தால் வரும் மாற்றம் பெரும்பாலும் தமக்குள்ளேயே கழிந்துவிடும். மிஞ்சுவது பாரத்தால் வந்த மாற்றம். 5 வோல்ட் கொடுத்தால், முழுப் பாரத்துக்கும் கிடைப்பது 10 மில்லிவோல்ட் போலத்தான். அந்தச் சின்ன மின்னழுத்தத்தை ஒரு சில்லு எண்ணாக்க, புளூடூத் அதைப் போனுக்குக் கொண்டுவருகிறது. தொங்கும் சாக்கு ஆடும், எண்ணும் ஆடும். அடுத்தடுத்து வரும் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்வரை போன் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் அரைக் கிலோ யாருக்கோ நட்டம்.

இடமும் கொஞ்சம் விளையாடும். கொழும்பில் சரிபார்த்த தராசை 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தால், புவியீர்ப்பு சற்றுக் குறைவதால் 20 கிலோவுக்கு ஏறத்தாழ 10 கிராம் குறைத்துக் காட்டும். சின்னத் தொகைதான். ஆனாலும் படிக்கல்லை மலைக்கே கொண்டுவந்து சரிபார்ப்பதுதான் நியாயம்.

இனிப் போனுக்குள் நடப்பது. எடை நிலைத்ததும் அது முதலில் போனின் சொந்த நினைவகத்தில் எழுதப்பட வேண்டும். அதற்குப் பிறகே 'பீப்' சத்தம் வரவேண்டும். இந்த வரிசையை மாற்றவே கூடாது. எழுதும்போது பேட்டரி செத்தால்? அன்ட்ரொய்ட் போன்களில் இருக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளம் மாற்றங்களைத் தனிக் குறிப்பாகவும் வைத்திருக்கும். போன் மறுபடி உயிர்பெறும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து, பாதியில் நின்றதைத் தள்ளிவிடும். பதிவு முழுதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பீப் கேட்காவிட்டால் மறுபடி நிறுக்க வேண்டியதுதான்.

எங்கள் முதல் பதிப்பில் நாங்கள் செய்த பிழை வேறு இடத்தில். கொழுந்து லொறியோடு போன் மேலே ஏறுகிறது. ஒரு வளைவில் சிக்னல் கிடைக்க, பதிவுகள் அலுவலகக் கணினிக்குப் போய்ச் சேர்கின்றன. "கிடைத்தது" என்ற பதில் திரும்புவதற்குள் அடுத்த மலை மறைத்துவிட்டது. பதில் வராததால் போன் எல்லாவற்றையும் மறுபடி அனுப்பியது. ஒரே 18.400 கிலோ இரண்டு தடவை ஏறியது. ஒரே ஆள், ஒரே எடை என்றால் ஒன்றை அழித்துவிடு என்று அவசரமாக ஒரு விதி எழுதினோம். அது அதைவிட மோசம். காலையிலும் பகலிலும் நிஜமாகவே ஒரே எடை நிறுத்த ஒருவரின் ஒரு நிறுவை அதில் அழிந்துபோனது. அவர் வந்து கேட்டிராவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

எடையைப் பார்த்து இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு நிறுவைக்கும் பிறக்கும்போதே, மலையில் வைத்தே ஓர் எண் கொடுக்க வேண்டும்: இன்ன போன், அதன் இத்தனையாவது நிறுவை. அலுவலகக் கணினி ஏற்கனவே பார்த்த எண் வந்தால் புதிதாக எழுதாமல் "கிடைத்தது" என்று மட்டும் சொல்லும். அந்தப் பதில் வரும்வரை போன் எதையும் அழிக்காது. பத்து முறை அனுப்பினாலும் கணக்கில் ஒன்றுதான். நேரத்தையும் முழுதாக நம்புவதில்லை, போன் கடிகாரம் தவறலாம். வரிசை எண் தவறாது. நடுவில் ஒன்று விட்டுப்போனால் உடனே தெரியும்.

மழைக்கும் வழி தேட வேண்டியிருந்தது. தொடுதிரை விரலை அறிவது, விரல் அதன் மின்புலத்தைக் கலைப்பதால். நீர்ப்படலமும் அதையே செய்யும், திரை தடுமாறும். அதனால் பதிவை உறுதிசெய்யும் வேலையைப் பக்கத்திலுள்ள சத்தம் கூட்டும் பொத்தானுக்கு மாற்றினோம்.

கடைசியில், நிறுத்தவர் கையில் அச்சிட்டுக் கொடுக்கும் துண்டுச் சீட்டு. சின்ன வெப்ப அச்சுப் பொறிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. 'கொ' எழுத ககரத்துக்கு முன்னும் பின்னும் குறி வரவேண்டும். ஆகவே போனே துண்டு முழுவதையும் படமாக வரைந்து, வரிக்கு 384 புள்ளிகளாக அனுப்புகிறது. 58 மில்லிமீற்றர் தாளில் புள்ளி விழும் இடம் மட்டும் சூட்டில் கறுக்கிறது. அந்தத் துண்டில் சாக்குக் கழிவையும் (சாக்கின் எடைக்காகக் கழிப்பது) ஈரக் கழிவையும் (இலையின் ஈரத்துக்காகக் கழிப்பது) தனித்தனி வரியாகத்தான் போடுகிறோம். முன்பெல்லாம் மொத்தக் கிலோ மட்டும் காதில் விழும். இப்போது ஒரு விரல் ஈரக் கழிவு வரியைத் தொடுகிறது: "இன்னைக்கு மழையே இல்லையேங்க, இது ஏன் ஒரு கிலோ?"