டிஃப்ராக்மென்ட்னா "துண்டு நீக்கம்" இல்லீங்க

போன வாரம் பெரியப்பா போன் பண்ணாரு. லேப்டாப் ஆமை மாதிரி நகருதுன்னு யாரோ சொல்லி ஒரு இலவச மென்பொருளை எறக்கி வெச்சிருக்காரு, அதுல மொழியை வேற தமிழ்னு மாத்திட்டாரு. "ஏம்ப்பா, கோப்புத் துண்டு நீக்கவான்னு கேக்குது. எந்தக் கோப்பு, எந்தத் துண்டுன்னு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. பேரன் போட்டோ எல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு, அமுக்கவா வேணாமா?"

"அது எதையும் நீக்காது பெரியப்பா, ஒரு போட்டோவும் போகாது"ன்னேன்.

"நீக்காதுன்னா அப்புறம் எதுக்கு நீக்கம்னு போட்டிருக்கான்?"

நியாயமான கேள்வி. செதறிக் கெடக்குற கோப்பைப் பக்கத்துப் பக்கத்துல சேர்த்து வெக்கிற வேலைக்கு இங்கிலீஷ்ல டிஃப்ராக்மென்ட்னு பேரு, அதைத்தான் தமிழ்ல இப்படி எழுதியிருக்காங்க. இந்த "துண்டு நீக்கம்" என் கண்ணுல படுறது இது முதல் தடவை இல்ல, வீடியோவுல பேசுறவங்க சொல்றாங்க, கணினிப் பாடக் குறிப்புல எழுதுறாங்க, கொஞ்சம் கவனமா எழுதுறவங்க "துண்டாக்கம் நீக்கம்"னு எழுதுறாங்க, கலைச்சொல் பட்டியல் போடுறவங்க ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதிக்கிட்டே போறாங்க. ரொம்ப நாளா பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன், பெரியப்பா போன் வந்தப்புறம் முடியல.

இந்த டிஃப்ராக்மென்ட்ங்கிற சொல் எங்கேர்ந்து வந்துச்சுங்கிறதை சட்டுனு சொல்லிடுறேன். லத்தீன்ல ஃப்ராங்கெரேன்னா உடைக்கிறது. உடைஞ்சு விழுந்தது ஃப்ராக்மென்ட். எலும்பு முறிஞ்சா சொல்ற ஃப்ராக்சர், கணக்குல வர்ற ஃப்ராக்‌ஷன், பார்சல் மேல ஒட்டுற ஃப்ரஜைல் எல்லாம் ஒரே வேர்தான். அதுக்கு முன்னாடி "டி"னு ஒரு ஒட்டு போட்டது கம்ப்யூட்டர்காரங்க வேலை. 1993-ல எம்எஸ்-டாஸ் 6.0-ங்கிற இயங்குதளம் கூடவே டிஃப்ராக்னு ஒரு கருவி வந்துச்சு, மைக்ரோசாஃப்ட் அதை சைமன்டெக் கிட்ட உரிமம் வாங்கிப் போட்டது. அப்புறம் விண்டோஸ் 95-ல கலர் கலரா குட்டிக் கட்டம் நகர்றதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்த ஆளுங்க நெறைய பேரு, நானும்தான், அதுல ஒரு சொகம் இருந்துச்சு, விண்டோஸ் விஸ்டாவுல அந்தப் படத்தை எடுத்துட்டாங்க. சரி, சொல்லோட ஜாதகம் அவ்வளவுதான்.

இப்ப அந்தக் கருவி உள்ள என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சாதான் சொல் சரியா தப்பான்னு பேச முடியும். நிலைவட்டுல, அதாவது ஹார்ட் டிஸ்க்ல, இடத்தைச் சின்னச் சின்னக் கட்டமா பிரிச்சு வெச்சிருக்கும், விண்டோஸ்ல வழக்கமா ஒரு கட்டம் 4 கிலோபைட். புதுசா இருக்கும்போது ஒரு கோப்பு வந்தா வரிசையா பக்கத்துப் பக்கத்துக் கட்டத்துல உக்காரும். அப்புறம் நீங்க அதை அழிப்பீங்க, இதை ஏத்துவீங்க, அங்கங்க ஓட்டை விழும். அடுத்து ஒரு பெரிய கோப்பு வரும்போது ஒரே எடத்துல அதுக்கு இடம் இருக்காது, அதனால இந்த ஓட்டையில கொஞ்சம் அந்த ஓட்டையில கொஞ்சம்னு போட்டுட்டு, எது எங்க இருக்குன்னு ஒரு அட்டவணையில குறிச்சு வெச்சுக்கும். கோப்புக்கு ஒண்ணும் ஆகலை. தெறந்தா முழுசா தெறக்கும். ஆனா வட்டைப் படிக்கிற தலை அங்கயும் இங்கயும் ஓடணும். நிமிஷத்துக்கு 7200 சுத்து சுத்துற வட்டுன்னா ஒரு சுத்துக்கு 8.3 மில்லிசெகண்ட், தேடுற எடம் தலைக்கு அடியில வர்றதுக்கு சராசரியா பாதி சுத்து காத்திருக்கணும், தலை நகர்றதுக்கு ஒரு எட்டு மில்லிசெகண்ட் தனியா. ஒரு தாவலுக்கு 12-னு வெச்சுக்கங்க, ஒரு கோப்பு 200 எடத்துல கெடந்தா தாவுறதுக்கு மட்டுமே ரெண்டரை செகண்ட் கிட்ட போயிடும். இதுதான் மந்தம். டிஃப்ராக் என்ன பண்ணுதுன்னா, செதறிக் கெடக்குறதை எடுத்து எடுத்து பக்கத்துப் பக்கத்துல வெச்சு அட்டவணையைத் திருத்தி எழுதுது. ஒரு பைட்டைக்கூட தூக்கிப் போடாது, காலி இடமும் அதிகமாகாது. டிஃப்ராக் பண்ணியும் ஒரு ஜிபி கூட மிச்சமாகலையேன்னு ஏமாந்து போறவங்க எத்தனை பேரு! அந்த ஏமாத்தத்துல பாதிக்கு இந்த "நீக்கம்"தான் காரணம்னு நான் நெனைக்கிறேன்.

ஏன்னா கம்ப்யூட்டர்லயும் போன்லயும் தமிழ்ல "நீக்கு"ன்னா ஒரே அர்த்தம்தான், டெலிட். இத்தனை வருஷமா அந்தப் பட்டன்ல அதைத்தான் போட்டு பழக்கியிருக்கோம். அதே திரையில "கோப்புத் துண்டு நீக்கம்"னு போட்டா படிக்கிறவங்க கோப்போட ஒரு பகுதி காணாமப் போகப் போகுதுன்னுதான் புரிஞ்சுக்குவாங்க, அப்படிப் புரிஞ்சுக்குறது அவங்க தப்பு இல்ல. "துண்டு" வேற சும்மா இருக்குற சொல்லா? தோள்ல போடுறதும் துண்டுதான், வரவு செலவுல விழுறதும் துண்டுதான். "துண்டு நீக்கி"ன்னு ஒரு கருவிக்கு பேரு வெச்சா குளிக்கப் போறவன் சிரிப்பான்.

துண்டாக்கம் நீக்கம்னு எழுதுறவங்க ஒரு வாதம் வெப்பாங்க, அதையும் சொல்லிடணும். "நாங்க துண்டை நீக்கச் சொல்லலை, துண்டாகிக் கெடக்குற நெலமையைத்தான் நீக்கச் சொல்றோம்"பாங்க. இலக்கணப்படி சரி. வறுமை நீக்கம்னா வறுமைதானே போகுது, ஆள் இல்லையே. ஆனா அந்த "ஆக்கம்" ரெண்டு வாரத்துக்கு மேல நிக்காது. நீளமான சொல்லை ஜனங்க வெட்டிருவாங்க, வெட்டும்போது நடு உறுப்புதான் முதல்ல போகும், மிச்சம் "துண்டு நீக்கம்". பெரியப்பா திரையில நடந்தது அதுதான். அது போக "ஆக்கம்"னு சொன்னா யாரோ வேணும்னே ஒக்காந்து துண்டு துண்டா ஆக்குன மாதிரி இருக்கு. கோப்பு தானா செதறுது, யாரும் ஆக்கலை.

நிஜமான தப்பு அதுக்கும் அடியில இருக்கு. இங்கிலீஷ் "டி"யைப் பாத்தா கை தானா "நீக்கம்"னு எழுதிடுது, யோசிக்கிறதே இல்ல. அந்த "டி"க்கு ரெண்டு வேலை உண்டு. ஒண்ணு, இருக்குற ஒண்ணை வெளிய எடுக்குறது. டீபக் அப்படித்தான், நிரல்ல வழு, அதாவது பிழை, இருக்கு, அதை எடுக்குறோம், அதனால வழுநீக்கம் அருமையான சொல், நான் சண்டை போட மாட்டேன். இன்னொண்ணு, நடந்த காரியத்தைத் திருப்பிச் செய்யிறது. டீகம்ப்ரஸ் அந்த வகை, சுருக்குனதைத் திரும்ப விரிக்கிறோம், அதுல எதுவும் வெளிய போகலை, ஆனா அதையும் "சுருக்க நீக்கம்"னு எழுதி வெச்சிருக்காங்க. ஏங்க, சுருக்குறதுக்கு எதிர்ப்பதம் தமிழ்ல இல்லையா? விரின்னு ரெண்டு எழுத்துல இருக்கே!

தமிழுக்கு இந்த ஒட்டே தேவைப்படலை. மூடுனதைத் தெறக்குறோம், மூடல் நீக்குறதில்ல. கட்டுனதை அவுக்குறோம், மடிச்சதைப் பிரிக்கிறோம், நட்டதைப் பிடுங்குறோம், ஏத்துனதை எறக்குறோம். திருப்பிச் செய்யிறதுக்குன்னு தனி வினை, ஒவ்வொண்ணும் அதோட கை அசைவோட வருது, அதைக் கேட்டாலே என்ன நடக்குதுன்னு தெரியும். இவ்வளவு வெச்சுக்கிட்டு எல்லாத்துக்கும் நீக்கம் நீக்கம்னு வாலு ஒட்டுறது சோம்பேறித்தனம், வேற ஒண்ணும் இல்ல. மொழிபெயர்க்கிறவங்களை மட்டும் சொல்லியும் பிரயோஜனம் இல்ல, பாதி எடத்துல அவங்க கையில ஒரு பட்டியல் மட்டும்தான் வரும், அந்தச் சொல் எந்தத் திரையில எந்தப் பட்டன் மேல வரும்னு யாரும் காட்ட மாட்டாங்க. ஆனா கேக்கவும் மாட்டேங்குறாங்களே, அதான் கோவம்.

இதுக்கு எதிர்க்கட்சி ஒண்ணு இருக்கு, "வட்டுச் சுத்திகரிப்பு"ன்னு சொல்றவங்க. அது இன்னும் மோசம். சுத்திகரிக்கிறதுன்னா அழுக்கை எடுக்குறது. டிஸ்க் க்ளீனப்னு தனியா ஒரு கருவி இருக்கு, தற்காலிகக் கோப்பு, குப்பைத்தொட்டியில கெடக்குறதையெல்லாம் தூக்கிப் போடுறது, அந்தப் பேரு அதுக்குத்தான் பொருந்தும். ரெண்டையும் ஒரே பேர்ல கூப்ட்டா எதை எப்ப பண்ணணும்னு யாருக்கு வெளங்கும்?

சரி, குறை சொன்னது போதும், நீ ஒண்ணு சொல்லுன்னா? நான் ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தேன். சேர்த்தல், அது ஏற்கனவே ஆட் பட்டனுக்குப் போயிடுச்சு. ஒருங்கிணைப்பு, மேடைப் பேச்சு வாசனை. திரட்டல்னா வலைப்பதிவுகளைச் சேர்த்துக் காட்டுற திரட்டி ஞாபகம் வருது. அடுக்குதல் பரவாயில்ல, ஆனா வரிசைப்படுத்துறதுன்னு நெனைச்சுக்குவாங்க, பேர் வாரியா அடுக்குமா தேதி வாரியா அடுக்குமான்னு கேப்பாங்க.

அப்பதான் "கோப்பு"ங்கிற சொல்லே கண்ணுல பட்டுச்சு. கோப்பு கோத்தல்லேர்ந்து வந்தது. காகிதத்துல ஓட்டை போட்டு நூல்ல கோத்து வெச்சது கோப்பு. ஆச்சரியம் என்னன்னா இங்கிலீஷ் ஃபைலும் அதேதான், லத்தீன்ல ஃபீலும்னா நூல், அந்தக் காலத்துல காகிதத்தைக் கம்பியிலயோ நூல்லயோ குத்தி வெச்சதால வந்த பேரு. ரெண்டு மொழியும் ஒரே நூலைப் புடிச்சிருக்கு! அப்ப செதறிக் கெடக்குற மணியை என்ன பண்ணுவோம்? திரும்பக் கோப்போம். அதனால செதறிக் கெடக்குற நெலமைக்கு "கோப்புச் சிதறல்", அதை சரி பண்ற வேலைக்கு "மீள்கோத்தல்". பட்டன்ல "கோப்புகளை மீளக் கோ"ன்னு போட்டா யாரும் போட்டோ போயிடுமோன்னு பயப்பட மாட்டாங்க. (கோர்த்தல் இல்லையான்னு கேக்க வருவீங்க. கோத்தான், கோத்து, கோவை. நடுவுல ர் கெடையாது. அதுக்குத் தனியா ஒரு சண்டை வெச்சுக்கலாம்.)

நண்பர் ஒருத்தர் மடக்குனாரு. "நூல் அறுந்தாதானே மீளக் கோக்கணும், கோப்பு செதறுனாலும் அட்டவணை சரியாத்தானே இருக்கு, நூல் அறுகலையே"ன்னாரு. அவர் சொல்றது உண்மைதான். ஃபேட்னு வட்டுல கோப்பை வெக்கிற பழைய முறை ஒண்ணு, அதுல அந்த அட்டவணையே ஒரு சங்கிலி, ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்தோட எண்ணைச் சொல்லும், அந்தச் சங்கிலி நெஜமாவே அறுந்தா கோப்பு போச்சு. இங்க நூல் அறுகலை, ஆனா வீடெல்லாம் சுத்திக்கிட்டுத் தொங்குது, ஒரு மணி வாசல்ல ஒரு மணி கொல்லையில. அதை நெருக்கிக் கோக்குறோம். உவமை நூத்துக்கு நூறு பொருந்தலைன்னு ஒத்துக்குறேன். துண்டை நீக்குறதைவிட எவ்வளவோ மேல்.

"வட்டு"க்கு ஒரு வார்த்தை சொல்லணும். அது நல்ல பழைய சொல், குறள்லயே 401-ல அரங்கு இல்லாம வட்டாடுறதுன்னு வருது, வட்டமா இருக்குறதுக்கு வட்டு. அதனால நிலைவட்டு சரி. ஆனா நிலைவட்டுக்குப் பதிலா வர்ற எஸ்எஸ்டியை "திண்ம நிலை வட்டு"ன்னு எழுதுறாங்களே, அதுக்குள்ள வட்டு எங்க இருக்கு? சுத்துறதுக்கு ஒண்ணுமே இல்ல, எல்லாம் சில்லு. தலை ஓட வேண்டிய வேலையும் இல்ல, அதனால கோப்பு செதறிக் கெடந்தாலும் நீங்க கவனிக்கிற அளவுக்கு வேகம் கொறையாது. பொதுவா எஸ்எஸ்டிக்கு மீள்கோத்தல் வேணாம், ஒவ்வொரு கட்டத்துலயும் இத்தனை தடவைதான் எழுத முடியும்னு கணக்கு இருக்கு, இடம் மாத்தி மாத்தி எழுதுறது ஆயுசைத்தான் தின்னும். அதுக்கு வேணுங்கிறது ட்ரிம், அதாவது எந்தெந்த இடம் இப்ப காலின்னு உள்ள இருக்குற சில்லுக்குத் தெரியப்படுத்துறது.

இதனாலதான் விண்டோஸ் 8-ல, 2012-ல, அந்தக் கருவியோட பேரையே ஆப்டிமைஸ்னு மாத்திட்டாங்க. சுத்துற வட்டா இருந்தா கோக்கும், எஸ்எஸ்டின்னா ட்ரிம் அனுப்பும். தமிழ்ல "உகப்பாக்கம்"ங்கிறாங்க. சொல் அழகுதான், ஆனா என்ன பண்ணுதுன்னு சொல்லாம நழுவுற சொல், இங்கிலீஷ்லயும் அது அப்படித்தான் நழுவுது, அதுக்குத் தமிழை குத்தம் சொல்ல முடியாது. அந்தக் கருவியே வாராவாரம் தானா ஓடும், தனியா எந்த மென்பொருளும் எறக்க வேண்டியதில்ல. சுத்துற வட்டுன்னா கொஞ்சம் இடம் காலியா விட்டு வைங்க, விண்டோஸ் எக்ஸ்பி காலத்துக் கருவி 15 சதவீதம் கேக்கும். வட்டு கடகடன்னு சத்தம் போட்டா கோக்கவே கோக்காதீங்க, முதல்ல எல்லாத்தையும் வேற எடத்துல பிரதி எடுங்க.

பெரியப்பாவுக்கு மறுபடி போன் பண்ணேன். லேப்டாப்ல இருக்குறது சுத்துற வட்டா எஸ்எஸ்டியான்னு பாக்கணும்னு சொல்லி, எங்க போய் பாக்கணும்னு படிப்படியா சொன்னேன். எஸ்எஸ்டி. துண்டும் நீக்க வேணாம், கோக்கவும் வேணாம். அந்த இலவச மென்பொருள் மேல வலது கிளிக் பண்ணச் சொன்னேன்.

"இதுலயும் நிறுவல் நீக்குன்னு வருதேப்பா, இதாவது நெசமா நீக்குமா?"

"நீக்கும் பெரியப்பா, தாராளமா அமுக்குங்க."