அமெச்சூர் ஓவியர் என்றால் கத்துக்குட்டி இல்லை

வின்ஸ்டன் சர்ச்சிலைப் பற்றி ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை படித்தேன். அதில் அவரை ‘கத்துக்குட்டி ஓவியர்’ என்று எழுதியிருந்தார்கள். இந்தச் சொல்லை இந்த இடத்தில் பார்ப்பது முதல் தடவை இல்லை. ஓவியம், வானியல், ஒளிப்படம் என்று எந்தத் துறையாக இருந்தாலும் மூலத்தில் ‘அமெச்சூர்’ என்று வந்துவிட்டால் இங்கே கத்துக்குட்டி என்று போட்டுவிடுகிறார்கள். சர்ச்சில் 1915-இல், முதல் உலகப் போரில் துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணை மேல் நடந்த படையெடுப்பு தோற்று கடற்படை அமைச்சர் பதவி பறிபோன சமயத்தில் தூரிகையை எடுத்தவர். அதற்கப்புறம் நாற்பது வருடங்களுக்கு மேல் வரைந்தார், ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் இருக்கின்றன. 1947-இல் டேவிட் வின்டர் என்ற புனைபெயரில் லண்டனில் ஓவியக் கண்காட்சி நடத்தும் ராயல் அகாடமிக்குப் படங்களை அனுப்பி, யார் வரைந்தது என்று தெரியாமலேயே அவை தேர்வாகின. இவரைக் கத்துக்குட்டி என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

சொல்லின் கதை சின்னதுதான். லத்தீனில் ‘அமாரே’ என்றால் அன்பு செய்தல், ‘அமாத்தோர்’ என்றால் அன்பு செய்பவர். அது பிரெஞ்சுக்குப் போய் ‘அமெத்தர்’ ஆகி, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஒரு கலையையோ விளையாட்டையோ காசுக்காக இல்லாமல் அதன் மேல் உள்ள பிரியத்தால் செய்கிறவர் என்பதுதான் பொருள். போகப்போக ஆங்கிலத்திலேயே ‘சரியாகச் செய்யத் தெரியாதவர்’ என்ற இரண்டாவது பொருள் ஒட்டிக்கொண்டது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் முதல் பொருளை விட்டுவிட்டு இந்த இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

கத்துக்குட்டி, அதாவது கற்றுக்குட்டி, நல்ல தமிழ்ச் சொல். இப்போதுதான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தவர் என்று பொருள். உலகக் கோப்பைக்குப் புதிதாக வரும் கிரிக்கெட் அணியை விளையாட்டுப் பக்கங்களில் கத்துக்குட்டி அணி என்று எழுதுகிறார்கள், அது பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் ஒருவருடைய திறமையை அளக்கிறது. அமெச்சூர் என்ற சொல்லோ, ஒருவர் எதற்காக அதைச் செய்கிறார், சோறு அதிலிருந்து வருகிறதா இல்லையா என்பதைச் சொல்கிறது. காசு வாங்கிக்கொண்டு வரைகிறவர்களிலும் கத்துக்குட்டிகள் உண்டு. ஆசைக்கு வரைகிறவர்களில் கைதேர்ந்தவர்கள் நிறையப் பேர் உண்டு.

இதோடு இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. அமெச்சூர் என்றால் பள்ளியில் படிக்காமல் தானாகக் கற்றவர் என்று நினைக்கிறார்கள். அதுவும் வேறு விஷயம். பிரெஞ்சு ஓவியர் ஆன்றி ரூசோ பாரிஸ் நகர எல்லையில் வரி வசூலிக்கும் வேலையில் இருந்துகொண்டே வரைந்தார். 1893-இல் வேலையை விட்டபோது அவருக்கு வயது 49. அதுவரை அவர் அமெச்சூர், அதற்கப்புறம் முழுநேர ஓவியர். ஆனால் தானாகக் கற்றவர் என்பது கடைசிவரை மாறவில்லை. ஆக, தானாகக் கற்றவர், புதிதாகக் கற்கிறவர், ஆசைக்கு வரைகிறவர் என்று மூன்று பேர் இருக்கிறார்கள். மூன்று பேருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் வாசிக்கிறவருக்கு என்ன புரியும்?

‘அமெச்சூர்’ என்றே தமிழில் எழுதிவிட்டுப் போகலாமே என்பீர்கள். தனித்தமிழ் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவன் இல்லை நான், வாட்டர் கலர் என்று சொல்கிறவரைத் திருத்தவும் மாட்டேன். ஆனால் இந்தச் சொல் தமிழ்ப் பேச்சுக்குள் வரும்போதே கெட்ட பொருளோடு வந்துவிட்டது. “படம் ரொம்ப அமெச்சூரா இருக்கு” என்றால் நன்றாக இல்லை என்றுதான் அர்த்தம். கண்காட்சி அழைப்பிதழில் ‘அமெச்சூர் ஓவியர்கள்’ என்று போட்டால், வருகிறவர் ஒரு மாற்றுக் குறைந்த எதிர்பார்ப்போடுதான் உள்ளே வருவார்.

அப்படியென்றால் எதைப் போடுவது? ‘பொழுதுபோக்கு ஓவியர்’ என்று எழுதுகிறார்கள். பொழுதுபோக்கு என்ற சொல்லின் மேல் இன்று ஏற்றியிருக்கும் சுமை கொஞ்சநஞ்சமில்லை. சினிமா, தொலைக்காட்சி, ராட்டினம் சுற்றும் பூங்கா எல்லாம் அதுதான். வேலைக்குப் போய், வீட்டையும் பார்த்து, எல்லோரும் தூங்கியதும் மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு வரைகிறவருக்குப் போக்குவதற்கு எங்கே பொழுது இருக்கிறது?

‘தொழில்முறைசாரா ஓவியர்’ என்பது அடுத்தது. இந்த ‘சாரா’ மேல் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. அரசுசாரா, முறைசாரா, அணிசாரா என்று எந்த எதிர்மறைச் சொல்லுக்கும் ஒரு சாராவை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். அது இன்னது இல்லை என்று மட்டும் சொல்கிறது, என்னவாக இருக்கிறது என்று சொல்வதில்லை. அரசாங்கச் சுற்றறிக்கைக்கு அது போதும். ஒரு மனிதர் பிரியப்பட்டுச் செய்யும் காரியத்துக்குப் பெயர் வைக்கும்போது, அவரிடம் இல்லாததை வைத்தா பெயர் வைப்பது?

பிரெஞ்சில் இவர்களை ஞாயிற்றுக்கிழமை ஓவியர் என்பார்கள். அதையும் அப்படியே எழுத்துக்கு எழுத்து மாற்றி ஒரு இடத்தில் பார்த்தேன். தமிழில் அதைப் படிக்கிறவருக்கு வாரமலருக்கு வரைகிறவர் என்றுதான் தோன்றும்.

உண்மையான போட்டி ‘பயில்முறை’தான், அதனால் அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. அது நாடகத்திலிருந்து வந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் சம்பளம் வாங்காமல் மேடையேறிய சபை அது. இத்தகைய குழுக்களைப் பயில்முறைக் குழுக்கள் என்றும், ஊர் ஊராகப் போய் நாடகத்தையே பிழைப்பாக வைத்திருந்தவற்றைத் தொழில்முறைக் குழுக்கள் என்றும் நாடக வரலாற்றில் எழுதுகிறார்கள். தொழில்முறை, பயில்முறை என்று காதுக்கு இணையாக விழுவதுதான் இந்தச் சொல்லின் பலம். பாடப்புத்தகத்தில் எளிதாக உட்கார்ந்துகொண்டதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் அதை ஓவியத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ‘பயில்முறை ஓவியர்’ என்றால் எந்தக் கல்லூரியில் பயில்கிறார் என்று கேட்கத் தோன்றுகிறது. பயிற்சி, பயிலுநர், பயிற்றுநர், பயிற்சி மருத்துவர் என்று பயில் என்ற வேரிலிருந்து இன்று வழங்கும் சொற்களில் பெரும்பாலானவை பாடம் படிப்பதையே குறிக்கின்றன. ஆகவே இது கத்துக்குட்டியையே கொஞ்சம் மரியாதையாகச் சொல்வதாக ஆகிவிடுகிறது. முப்பது வருடம் வரைந்தவரும் இன்னும் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

பயில்முறைக்காரர்கள் இதற்கு வள்ளுவரைக் காட்டுவார்கள். “நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு” என்ற குறளில் (783) பயில்தல் என்றால் படிப்பது இல்லை, நெருங்கிப் பழகுவது, விடாமல் பழகப் பழக இனிப்பது. ஓவியத்தோடு அப்படிப் பழகுகிறவர்தானே இவர் என்று வாதிடலாம். அழகான வாதம், நானும் கொஞ்சகாலம் அதில் மயங்கித்தான் இருந்தேன். ஆனால் இந்தப் பழைய பொருள் உரை படித்தவருக்கு மட்டும்தான் தெரியும். கண்காட்சிச் சுவரில் இருக்கும் பெயர்ப்பலகையைப் படிக்கிறவர் உரையாசிரியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வருவதில்லை. சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் எது மனசில் வருகிறதோ அதுதான் அவருக்குப் பொருள்.

வள்ளுவரிடம் போவதென்றால் எழுபத்தொன்றாம் குறளுக்கே போகலாம். “அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கண்நீர் பூசல் தரும்.” இங்கே ஆர்வலர் என்றால் அன்புடையவர். மூன்று குறள் தள்ளி, “அன்பு ஈனும் ஆர்வம் உடைமை” என்று ஆர்வத்தை அன்பு பெற்ற பிள்ளையாகவே சொல்கிறார். லத்தீன்காரன் அமாத்தோர் என்று எதைச் சொன்னானோ அதே பொருள் தமிழில் ஆர்வலர் என்ற சொல்லில் அப்படியே இருக்கிறது. பயில்முறைக்கு இல்லாத ஒரு வசதியும் இதற்கு உண்டு. ஆர்வம் என்றால் என்ன என்று இன்றைக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், அகராதி தேவையில்லை.

அப்போ ‘ஓவிய ஆர்வலர்’ என்று போட்டுவிடலாமா? அங்கேதான் சிக்கல். சமூக ஆர்வலர், சுற்றுச்சூழல் ஆர்வலர் என்று செய்தியில் தினமும் கேட்டுக் கேட்டு, ஆர்வலர் என்றால் மனு கொடுக்கிறவர், போராடுகிறவர் என்று ஆகிவிட்டது. இன்னொரு பக்கம் ஓவிய ஆர்வலர் என்பது ஓவியம் பார்க்கப் போகிறவரையும் குறிக்கிறது. பரிபாடலில் (19) திருப்பரங்குன்றத்துச் சுவரோவியத்தின் முன்னால் நின்று, இந்தப் பூனை இந்திரன், இவள் அகலிகை, இவன் கௌதமன் என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்கிறார்களே, அவர்கள்தான் ஓவிய ஆர்வலர்கள். தூரிகை பிடிக்கிறவர் வேறு.

அதனால் என் பரிந்துரை, சொற்களின் இடத்தை மாற்றி ‘ஆர்வ ஓவியர்’ என்று எழுதுவது. இதில் ஓவியர் என்பது தலைச்சொல், முதலில் அவர் ஓவியர் என்பது உறுதியாகிறது. ஆர்வம், அவர் எதற்காக வரைகிறார் என்பதைச் சொல்கிறது. இதே போல ஆர்வ வானியலர், ஆர்வ ஒளிப்படக்காரர், ஆர்வ நாடகக் குழு என்று எல்லாத் துறைக்கும் நீட்டலாம். ‘ஆர்வக்கோளாறு’ ஞாபகம் வருகிறதே என்று ஒரு நண்பர் சொன்னார். கோளாறு என்று தனியாக ஒட்டினால்தான் ஆர்வம் குறையாகிறது என்பதையே அது காட்டுகிறது.

பேச்சிலோ இதற்கு எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியை இருக்கிறார். வாட்டர் கலரில் வரைகிறார், அதிலும் பழைய வீட்டுக் கதவுகள்தான் வரைவார். கீலில் பிடித்திருக்கும் துருவுக்காக, தாள் ஈரமாக இருக்கும்போதே பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு நிறத்தைத் தொட்டு வைத்து, அது தானாகப் பரவட்டும் என்று காத்திருப்பார். அப்புறம் ஓரத்தில் மட்டும் துளி அல்ட்ராமரைன் நீலம் விட்டால் அந்தப் பழுப்பு கறுத்து, ஆணி மரத்துக்குள் இறங்கியிருப்பது போல ஆகிவிடும். அதைச் செய்யும்போது பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. கோபுரம் வரைந்து கொடுங்கள், பிள்ளையார் வரைந்து கொடுங்கள், காசு தருகிறோம் என்று கேட்டவர்கள் உண்டு. “இல்லப்பா, நான் ஆசைக்கு வரையறேன்” என்று அனுப்பிவிடுவார். அவருக்குப் பிடித்தது கதவு. தொழிலாக வரைகிறவர் கேட்கிறவருடைய ரசனைக்கும் இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதில் தப்பே இல்லை, அவருக்கு வீட்டு வாடகை இருக்கிறது. இவருக்குத் தன் ரசனை ஒன்றே போதும். இந்த வேறுபாட்டை ‘ஆசைக்கு’ என்ற ஒரு சொல் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறது! கத்துக்குட்டி என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறக்கும் முன்னால் இப்படி வரைகிற யாரிடமாவது போய், உங்களை எப்படிச் சொல்லிக்கொள்வீர்கள் என்று கேட்டிருக்கலாம்.

பழைய தமிழில் ஓவியருக்குத் தொழில் பெயர்தான் கிடைக்கிறது. மதுரைக்காஞ்சியும் சிலப்பதிகாரமும் ‘கண்ணுள் வினைஞர்’ என்கின்றன. பார்ப்பவர் கண்ணுக்குள் தம் வேலையை நிறுத்துகிறவர் என்று நச்சினார்க்கினியர் உரை சொல்கிறது, எவ்வளவு நுட்பமான பெயர். ஆனால் வினைஞர் என்பது தொழிலாளரைக் குறிப்பது. பிழைப்புக்கு வரையாத ஓவியர் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னர் முதலாம் மகேந்திரவர்மர். அவருக்கு இருந்த பட்டம் சித்திரகாரப்புலி. நாடு ஆண்டதுபோக மீதி நேரத்தில் வரைந்தவர்தான், ஆனாலும் பட்டம் புலி என்றுதான் சொல்கிறது. தாகூரும் அறுபது வயதைத் தாண்டித்தான் முழுமூச்சாக வரைய ஆரம்பித்தார். கையெழுத்துப் பிரதியில் அடித்த வரிகளை இணைத்து உருவங்களாக்கியதில் தொடங்கி, இரண்டாயிரத்துக்கும் மேல் வரைந்து, 1930-இல் பாரிஸில் கண்காட்சி வைத்தார். இவர்களைத் தமிழில் எழுத நேர்ந்தால் ஆர்வ ஓவியர் என்று தயங்காமல் எழுதலாம்.

ஒரு இடத்தில் மட்டும் எனக்கும் ‘தொழில்முறை அல்லாதவர்’ பரவாயில்லை என்று படுகிறது. காசு வாங்கினாரா இல்லையா என்பதே கேள்வியாக இருக்கும் இடம் அது. 1912 முதல் 1948 வரை ஒலிம்பிக்கில் ஓவியத்துக்கும் பதக்கம் கொடுத்தார்கள். 1924-இல் அயர்லாந்துக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் கிடைத்ததே ஜாக் யேட்ஸ் வரைந்த ஓவியத்துக்குத்தான். கலந்துகொண்ட கலைஞர்கள் பெரும்பாலும் தொழில்முறைக்காரர்கள், ஒலிம்பிக்கோ அமெச்சூர்களுக்கானது என்று சொல்லிப் பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். அந்த விதியைப் பற்றி எழுதும்போது ஆர்வம் என்று போட்டால் விஷயம் மங்கிவிடும். மற்றபடி, மூலத்தில் உண்மையாகவே வேலையைக் குறை சொல்லும் பொருளில் அமெச்சூர் என்று வந்தால், ‘அரைகுறையான’ என்று எழுதுங்கள், அதற்கென்றே இருக்கிற சொல் அது. படம் அரைகுறையாக இருந்தால் படத்தைச் சொல்லுங்கள், வரைந்தவருக்கு அதையே பெயராக்காதீர்கள்.